எம்எக்ஸ்-5 ஒழுகுகிறது: இடதுபக்கக் கார்பெட் முழுக்க ஈரம், எங்கே தேடுவது?

லெஸ்டர்வாசி | ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் 2001ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று வாங்கினேன். இரண்டாம் தலைமுறை, என்பி என்று சொல்வார்களே, அது. மொஹேர் துணியாலான மடக்குக் கூரை (கன்வர்டிபிள்), பின்னால் கண்ணாடி ஜன்னல். வாங்கிய அன்று நல்ல வெயில், எந்தக் குறையும் தெரியவில்லை. இங்கே இங்கிலாந்தின் லெஸ்டரில் மூன்று நாள் விடாமல் மழை பெய்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

இடதுபக்கம், அதாவது பயணி கால் வைக்கும் இடத்தில், கார்பெட்டை அழுத்தினால் தண்ணீர் ஊறி வருகிறது. அதே பக்கம் சீட்டுக்குப் பின்னாலும் ஈரம். ஓட்டுகிறவர் பக்கம் காய்ந்தே இருக்கிறது. காலையில் கண்ணாடிகளின் உட்புறம் ஆவி படிந்து மூடிக்கொண்டு நிற்கிறது, துடைத்துவிட்டுக் கிளம்பப் பத்து நிமிடம் ஆகிறது. நனைந்த சாக்கு வாசம் வேறு.

பக்கத்தில் ஒரு கராஜில் காட்டினேன். காரைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, முழுக் கூரையையும் மாற்ற வேண்டும் என்றார்கள். ஒரு குவளை தண்ணீர் ஊற்றிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு செலவு செய்ய இப்போது வசதி இல்லை. குளியலறைக்குப் பூசும் சிலிகான் ஒரு டியூப் வாங்கி வைத்திருக்கிறேன். கண்ணாடி ஓரத்திலும் கூரை ஓரத்திலும் பூசிவிடலாமா? பல வருடம் ஆசைப்பட்டு வாங்கிய கார். சரியாகச் செய்ய வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஸ்பானர்14 | ஞாயிறு, இரவு 10.25

தம்பி, அந்த டியூபைத் திறக்கவே வேண்டாம். குளியலறைச் சிலிகானில் பெரும்பாலானவை காயும்போது வினிகர் வாசம் வரும், கவனித்திருப்பீர்கள். அது அசெட்டிக் அமிலம். ஈரமான தகரத்தின் மேல் அதைப் பூசினால் நாமே துருவுக்கு அழைப்பு வைத்த மாதிரி. அப்புறம் அந்த இடத்தில் பெயின்ட்டும் பிடிக்காது, வேறு பசையும் ஒட்டாது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்தக் காரின் கூரை வீட்டுச் சிலாப் மாதிரி தண்ணீரை முழுக்க வெளியே நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டது இல்லை. ஓட்டு வீட்டில் ஓட்டிலிருந்து வழிகிற தண்ணீர் பீலிக்குள் விழுந்து, குழாய் வழியாக இறங்கும் அல்லவா? இங்கேயும் அதே வேலைதான் நடக்கிறது. பின்கண்ணாடிக்குக் கீழே, துணி உடம்போடு சேரும் இடத்தில், உள்ளே ஒரு பிளாஸ்டிக் பீலி இருக்கிறது. ரெயின் ரெயில் என்பார்கள். கூரையின் பின்பக்கம் வழிகிற தண்ணீர் அதற்குள் விழுந்து, இரண்டு பக்கமும் சீட் பெல்ட் கோபுரத்துக்கு (சீட்டுக்குப் பின்னால் பெல்ட் பொருத்திய தூண்) பின்னால் உள்ள ஓட்டைக்கு வரும். அங்கிருந்து ஒரு குழாய் வழியாக இறங்கிப் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் தரையில் கொட்டும். கார் புதிதாக இருந்தபோதும் தண்ணீர் இப்படித்தான் உள்ளே வந்து வெளியே போனது.

இந்த ஓட்டைகள் இலை, பாசி, பைன் ஊசி எல்லாம் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அடைத்தால் பீலி நிறைந்து உள்பக்கம் வழியும். உங்கள் சீட்டுக்குப் பின்னால் உள்ள ஈரத்துக்கு என் முதல் சந்தேகம் அதுதான்.

நாளைக்கு வெளிச்சத்தில் செய்து பாருங்கள். கூரையைப் பாதி மடித்து, சீட் பெல்ட் கோபுரத்துக்குப் பின்னால் மூலையில் டார்ச் அடியுங்கள். ஓட்டை தெரியும். ஒரு லீட்டர் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். இன்னொருவர் பின்சக்கரத்துக்கு முன்னால் குனிந்து பார்க்கட்டும். ஊற்றுகிற வேகத்துக்கே கீழே கொட்ட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தாலோ, தண்ணீர் மேலே ஏறினாலோ அடைப்புதான்.

அடைப்பு எடுக்கக் கம்பி வேண்டாம். குழாய் நடுவில் வளைகிறது. கம்பியால் குத்தினால் குழாய் கிழியலாம் அல்லது கீழே பொருந்திய இடத்திலிருந்து கழன்றுவிடலாம். கம்ப்ரசர் காற்றை முழு அழுத்தத்தில் விட்டாலும் இதே கதை. கழன்றால் அன்றிலிருந்து ஒவ்வொரு மழையும் காரின் உடம்புக்குள் போகும், வெளியே ஒன்றும் தெரியாது. புல் வெட்டும் ஸ்ட்ரிம்மரில் வரும் தடித்த நைலான் நரம்பை எடுத்து, நுனியை நெருப்பில் காட்டி உருண்டையாக்கி, சுழற்றிச் சுழற்றி இறக்குங்கள். நடுவில் நிறுத்தி வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு கேள்வி. காரைத் தெருவில் நடைபாதை ஓரமாகத்தான் நிறுத்துகிறீர்களா?

லெஸ்டர்வாசி | திங்கள், மாலை 6.40

ஆமாம் அண்ணா, வீட்டுக்கு முன்னால் தெருவில்தான்.

வலதுபக்கம் ஊற்றிய தண்ணீர் உடனே கொட்டியது. இடதுபக்கம் அரை லீட்டர் ஊற்றுவதற்குள் மேலே வந்து நின்றுவிட்டது. நரம்பை விட்டுச் சுழற்றினேன். முதலில் கறுப்புச் சேறு, அப்புறம் பைன் ஊசிகள் ஒரு கைப்பிடி, பச்சைப் பாசி. அரை மணி நேரம் கழித்துத் திடீரென்று கடகடவென இறங்கியது. மனைவி கீழே பார்த்துக்கொண்டிருந்தார், காலெல்லாம் நனைந்துவிட்டது. இப்போது ஒரு லீட்டரும் சில வினாடிகளில் போகிறது.

ஸ்பானர்14 | திங்கள், இரவு 8.05

நல்லது. தெருவைக் கேட்டதற்குக் காரணம், இங்கே சாலையின் நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருக்கும். நடைபாதை ஓரமாக நிறுத்தினால் கார் இடதுபக்கம் சாயும். குப்பையும் தண்ணீரும் அந்தப் பக்கமே சேரும். இங்கே பல கார்களில் இடதுபக்கமே முதலில் அடைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சிங்கைமழை | செவ்வாய், காலை 5.15

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். உங்கள் காரில் இந்த அடைப்பால் கார்பெட்தான் நனைந்தது. என் காரில் மோட்டாரே போய்விட்டது. சிஓஇ (இங்கே கார் வைத்திருக்க வாங்கும் உரிமம்) புதுப்பித்து வைத்திருக்கும் பழைய பிஎம்டபிள்யூ இசட்4, இ85 வகை. அதில் கூரையைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்ப்பின் மோட்டார், கூரை மடிந்து உட்காரும் பள்ளத்தின் அடியில், வடிகால் ஓட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஓட்டை அடைத்தால் மோட்டார் தண்ணீரில் மூழ்கும். அதைச் சுற்றியுள்ள ஃபோம் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு விடவே விடாது.

நான் நிறுத்தும் இடத்தில் மேலே தூங்குமூஞ்சி மரம். அதன் சின்னச் சின்ன இலைகள் எந்த இடுக்கிலும் நுழைந்துவிடும். ஒரு மாலை மழைக்குப் பிறகு கூரை பாதியில் நின்றது. பழுது பார்த்தபோது மோட்டாரை டிக்கிக்குள் உயரமான இடத்துக்கு மாற்றி வைக்கச் சொன்னேன், இந்தக் கார் வைத்திருக்கும் பலர் செய்வதுதான். இ85 வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே அந்தப் பள்ளத்தைத் திறந்து பாருங்கள்.

லெஸ்டர்வாசி | வியாழன், இரவு 9.30

நேற்று முழுக்க மழை. சீட்டுக்குப் பின்னால் விரித்திருந்த செய்தித்தாள் காய்ந்தே இருக்கிறது! ஆனால் முன்னால் கால் வைக்கும் இடம் மறுபடி ஈரம். அப்படியானால் இரண்டு இடத்தில் ஒழுகுகிறதா?

மழைக்காரி | வியாழன், இரவு 10.10

அப்படித்தான் இருக்கும். பழைய கன்வர்டிபிளில் ஒரு ஒழுக்கு மட்டும் இருந்தால் அது அதிர்ஷ்டம். ஒன்றை அடைத்த பிறகுதான் அடுத்தது தனியாகத் தெரியும்.

தண்ணீர்ச் சோதனை செய்யுங்கள், ஆனால் வரிசை முக்கியம். பிரஷர் வாஷர் கூடாது, அது நல்ல ரப்பரையும் தாண்டிப் போகும், எதுவும் நிரூபணம் ஆகாது. தோட்டத்துக் குழாயின் முனையைக் கழற்றிவிட்டு, தண்ணீர் மெல்ல வழிகிற அளவுக்குத் திறந்துவிடுங்கள். கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் கதவின் அடி, அப்புறம் கதவுக் கண்ணாடி உள்ளே இறங்கும் கோடு, அப்புறம் சைடு மிரர், அப்புறம் முன்கண்ணாடிச் சட்டத்தின் பக்கத் தூண், கடைசியாகக் கூரை முன்கண்ணாடியோடு சேரும் மேல்விளிம்பு. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம். மேலே தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டு இறங்கும், எதனால் ஒழுகியது என்று சொல்லவே முடியாது.

உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார வேண்டும். ரப்பர் பீடிங்குக்கு உள்பக்கம் டால்கம் பவுடர் தடவிவிடுங்கள். சொட்டு எந்த வழியாக வந்தது என்று பவுடரில் கோடு விழும்.

ஒன்று கேட்க வேண்டும்: கதவில் ஸ்பீக்கர் மாற்றியிருக்கிறார்களா?

லெஸ்டர்வாசி | வியாழன், இரவு 10.20

ஆமாம் அக்கா! முன்பு வைத்திருந்தவர் புது ஸ்பீக்கர் போட்டதாகப் பெருமையாகச் சொன்னார்.

மழைக்காரி | வியாழன், இரவு 10.45

அப்படியென்றால் சோதனைக்கு முன்பே இடது டோர் பேடை, அதாவது கதவின் உட்புறம் மூடியிருக்கும் பலகையை, கழற்றிப் பாருங்கள்.

எந்தக் காராக இருந்தாலும் கதவுக்குள் தண்ணீர் போகும். கண்ணாடியில் வழிகிற மழை, வெளிப்பக்க ரப்பரைத் தாண்டிக் கதவின் வயிற்றுக்குள் இறங்கி, அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியே போகும். அந்தத் தண்ணீர் டோர் பேட் பக்கம் வராமல் தடுப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள், கறுப்பு பியூட்டைல் பசையில் ஒட்டியிருக்கும். ஸ்பீக்கர் போடுகிறவர்கள் அதைக் கிழித்துவிட்டு அப்படியே மூடிவிடுவார்கள். அப்புறம் கதவுக்குள் போன மழை, டோர் பேடின் பின்னால் வழிந்து நேராகக் கார்பெட்டில் இறங்கும். கண்ணாடியும் கூரையும் குற்றமே செய்யாமல் பழி வாங்கிக்கொள்ளும்.

என் காரில் இதைக் கண்டுபிடிக்காமல் ஒரு குளிர்காலம் முழுக்கக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம், எவ்வளவு கவலை. அதனால்தான் யார் கேட்டாலும் இதை முதலில் சொல்கிறேன்.

தாள் கிழிந்திருந்தால் கனமான பாலிதீன் தாளை அதே அளவில் வெட்டி, பியூட்டைல் கயிறு வாங்கிச் சுற்றிலும் ஒட்டுங்கள். செலோடேப் ஒரு வாரம்கூட நிற்காது. தாளின் கீழ்விளிம்பு கதவின் வயிற்றுக்குள் போக வேண்டும், இதை மறந்தால் எல்லாம் வீண். அப்படியே கதவின் அடித்துளைகளையும் ஒரு குச்சியால் கிளறிவிடுங்கள்.

லெஸ்டர்வாசி | சனி, மாலை 4.15

அக்கா, நீங்கள் சொன்னது அப்படியே. தாளில் என் கை நுழையும் அளவுக்கு ஓட்டை, கீழே ஓரம் முழுவதும் பிய்ந்து தொங்கியது. அடித்துளை ஒன்று மண்ணால் அடைத்திருந்தது, கிளறியதும் ஒரு குவளை பழுப்புத் தண்ணீர் கொட்டியது. புதுத் தாள் ஒட்டிவிட்டேன்.

பிறகு வரிசைப்படி தண்ணீர் விட்டோம். கதவடி, கண்ணாடிக் கோடு, மிரர் எல்லாம் சரி. பக்கத் தூணும் கூரை விளிம்பும் சேரும் மேல்மூலையில் மட்டும் நான்கு நிமிடத்தில் ஒரு சொட்டு, அப்புறம் தொடர்ந்து. பவுடரில் தெளிவாகக் கோடு விழுந்திருக்கிறது.

ஸ்பானர்14 | சனி, மாலை 5.50

அந்த மூலைதான் இந்தக் காரின் பலவீனமான இடம். கூரையின் ரப்பர், தூணின் ரப்பர், சட்டமில்லாத கண்ணாடி, மூன்றும் அங்கே சந்திக்கின்றன.

முதலில் பீடிங்கைத் துடைத்துப் பாருங்கள். வெடிப்பு இல்லாமல் மென்மையாக இருந்தால் சிலிகான் கிரீஸ் தேய்த்தால் போதும். சிலிகான் பசையும் சிலிகான் கிரீஸும் வேறு வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். வாஸ்லின், டபிள்யூடி-40 மாதிரி பெட்ரோலிய எண்ணெய் கலந்த எதையும் தேய்க்காதீர்கள், நாளடைவில் ரப்பர் ஊதித் தளர்ந்துவிடும்.

அடுத்தது கடதாசிச் சோதனை. ஒரு துண்டுக் கடதாசியை ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். பிடித்துக்கொண்டு வந்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே அழுத்தம் இல்லை. கண்ணாடி ஓரம் முழுக்க ஒரு சாண் இடைவெளியில் செய்துகொண்டே போங்கள்.

அப்புறம் கூரையை முன்கண்ணாடிச் சட்டத்தோடு பூட்டும், மேலே இருக்கும் இரண்டு கொக்கிகள். அவை மரை வைத்தவை, திருகினால் நீளம் குறைந்து கூரையை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அரைச் சுற்று, பிறகு சோதனை. இரண்டு பக்கமும் ஒரே அளவு. பூட்டக் கை வலிக்கிற அளவுக்குப் போகக் கூடாது.

இதற்கும் கேட்கவில்லை என்றால்தான் கண்ணாடியைத் தொட வேண்டும். டோர் பேடுக்குப் பின்னால், கண்ணாடி எவ்வளவு மேலே வரலாம் என்று நிறுத்தும் ஸ்டாப்பர்கள் இருக்கும். எவ்வளவு உள்ளே சாய வேண்டும் என்பதை ரெயிலின் போல்ட்டுகள் முடிவு செய்யும். தளர்த்துவதற்கு முன் ஒவ்வொரு போல்ட்டையும் சுற்றி மார்க்கரால் கோடு போடுங்கள். ஒரு மில்லிமீட்டர் நகர்த்துங்கள், கதவை மிக மெல்ல மூடிப் பாருங்கள். கண்ணாடி அதிகம் உயர்ந்திருந்தால் கதவை அடிக்கும்போது மேல்விளிம்பில் மோதும்.

ரப்பர் தட்டையாகிவிட்டிருந்தால், அதன் உள்ளே இருக்கும் குழிக்குள் மெல்லிய ஃபோம் கயிறு நுழைத்து உப்ப வைக்கலாம்.

மழைக்காரி | சனி, மாலை 6.30

அண்ணா, கடைசியாகச் சொன்னதை நான் ஏற்க மாட்டேன். ஃபோம் திணித்தால் அந்த இடம் மட்டும் உப்பும், அதற்குப் பக்கத்தில் கண்ணாடி ரப்பரை விட்டு விலகும். ஒழுக்கு நான்கு அங்குலம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். ஃபோம் நனைந்தால் காயவும் காயாது. தட்டையான ரப்பரை மாற்றுவதுதான் வழி.

ஸ்பானர்14 | சனி, இரவு 7.15

நீர் உறிஞ்சாத ஃபோம் என்று சொல்லியிருக்க வேண்டும், அது என் தவறு. ஆனால் புது ரப்பரின் விலை எல்லோருக்கும் கட்டாது தங்கச்சி. ஒரு குளிர்காலத்தைக் கடத்த இது உதவும். என் காரில் இரண்டு வருடம் நின்றது. நிரந்தர வழி நீங்கள் சொன்னதுதான்.

புதுஉறுப்பினர்_குரோய்டன் | ஞாயிறு, காலை 11.00

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் காரில் உள்ளே ஒழுகவில்லை, ஆனால் மழையில் கூரைத் துணியே கறுத்து ஊறிப்போகிறது. இதுவும் ஒழுக்கா?

மழைக்காரி | ஞாயிறு, பகல் 12.20

இல்லை. மொஹேர் என்று நாம் சொல்லும் துணி மூன்று அடுக்கு. மேலே அக்ரிலிக் நெசவு, உள்ளே பருத்தி, நடுவில் ரப்பர். தண்ணீரை நிறுத்துவது நடுவில் உள்ள ரப்பர். மேல்நெசவு ஊறினால் உடனே உள்ளே வராது. ஆனால் ஈரம் நின்றால் பாசி பிடிக்கும், தையல் நூல் இற்றுப்போகும், அப்புறம் தையல் வழியாக வரும்.

துணிக் கூரைக்கென்று விற்கும் கிளீனரால் மென்மையான பிரஷ்ஷில் கழுவுங்கள். துணி துவைக்கும் பவுடர் வேண்டாம். முழுக்கக் காய ஒரு நாள் விட்டு, அதன் பிறகு நீர்காப்பு திரவத்தைப் பூசுங்கள். கண்ணாடியையும் பெயின்ட்டையும் மூடிவிட்டுச் செய்யுங்கள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடினால் வேலை முடிந்தது.

நோர்வேகுளிர் | ஞாயிறு, மாலை 3.45

லெஸ்டர்வாசி, ஒழுக்கை நிறுத்திவிட்டீர்கள் என்றால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. கார்பெட்டுக்குக் கீழே தடித்த ஃபோம் இருக்கிறது, மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் அது மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஹீட்டர் போட்டால் அந்த ஈரம்தான் கண்ணாடியில் படிகிறது. இங்கே குளிர்காலத்தில் அது கண்ணாடியின் உட்புறமே உறைந்து பனிக்கட்டி ஆகும், சுரண்ட வேண்டியிருக்கும்.

சீட்டை வெளியே எடுங்கள். நான்கு போல்ட், 14 மில்லிமீட்டர். அடியில் வயர் இருந்தால் முதலில் பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் விட்டு எடுங்கள். கார்பெட்டைத் தூக்கி அடியில் மரக்கட்டை வையுங்கள், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் இயந்திரம் ஒன்றை உள்ளே வைத்துக் கண்ணாடிகளை மூடிவிடுங்கள். மூன்று நாளாவது ஓடட்டும்.

இதைவிட முக்கியம் ஒன்று. கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டிபோன்ற தகரம், சில் என்பார்கள். அடைத்த வடிகாலின் தண்ணீர் அதற்குள்ளும் போகும். என்பியில் சில்லின் பின்முனை உள்ளேயிருந்து அரித்துப் போவது ஊரறிந்த விஷயம். பெயின்ட் கொப்புளித்திருக்கிறதா பாருங்கள், ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். பிடிக்காமல் விழுந்தால் அங்கே தகரம் இல்லை, பட்டி பார்த்து மறைத்திருக்கிறார்கள். உங்கள் ஊர் எம்ஓடி என்னும் வாகனத் தகுதிச் சோதனையில் சீட் பெல்ட், சஸ்பென்ஷன் போன்றவை பிடித்திருக்கும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகரம் பலமிழக்கும் அளவுக்கு அரித்திருந்தால் தேறாது. சில் அந்த எல்லைக்குள் வருகிறது.

லெஸ்டர்வாசி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை

சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

மேல்மூலைக்குக் கொக்கிகளில் ஒரு முழுச் சுற்றும், ரப்பருக்குச் சிலிகான் கிரீஸும் போதுமானதாக இருந்தது. கண்ணாடியைத் தொடவே இல்லை. கடதாசி இப்போது எல்லா இடத்திலும் பிடிக்கிறது. ஃபோமும் வைக்கவில்லை, கோடையில் அந்தப் பக்க ரப்பரை மட்டும் புதிதாகப் போடுவேன்.

சீட்டை எடுத்துக் கார்பெட்டைத் தூக்கினேன். ஃபோமைப் பிழிந்தபோது முக்கால் வாளி தண்ணீர் வந்தது. அதைச் சுமந்துகொண்டுதான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன். நான்கு நாள் இயந்திரம் ஓடியது. இப்போது காலையில் கண்ணாடி தெளிவாக இருக்கிறது, சாக்கு வாசம் போய்விட்டது.

டிக்கியில் பேட்டரிக்கு அடியிலும் கொஞ்சம் ஈரம் கண்டேன். மூடியில் இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கின் கேஸ்கெட் (தண்ணீர் புகாமல் தடுக்கும் ஓரப்பட்டை) நொறுங்கியிருந்தது. அதையும் மாற்றிவிட்டேன். இதுவரை மொத்தச் செலவு 60 பவுண்டுக்குள். டீஹியூமிடிஃபையரை நண்பர் கொடுத்தார்.

சில்லில் இடதுபக்கம் பின்முனையில் பட்டாணி அளவு இரண்டு கொப்புளம். காந்தம் பிடிக்கிறது. வெல்டிங் செய்கிறவர் ஒருவரிடம் காட்டினேன். இப்போதே வெட்டி ஒட்டினால் சின்ன வேலை என்றார், அடுத்த மாதத்துக்கு நாள் வாங்கியிருக்கிறேன். அதற்குள் வடிகாலை இன்னொருமுறை பார்க்க வேண்டுமா?

ஸ்பானர்14 | ஞாயிறு, இரவு 8.30

பாருங்கள் தம்பி. மரங்களில் இன்னும் பாதி இலை இருக்கிறது. வெல்டிங் முடிந்ததும் சில்லுக்குள் மெழுகு அடிக்கச் சொல்லுங்கள், ஆனால் சில்லின் அடியில் உள்ள வடிகால் துளைகளை மெழுகு மூடிவிடாமல் அவர் முன்னிலையிலேயே பார்த்துவிடுங்கள்.